ராபர்ட் கேம்ப்பெல்: சிட்னிக்குச் சரக்கு வந்தது, திரும்பும் கப்பலில் என்ன போனது?

கடல் தாண்டிப் போய்க் கடை விரித்த ஆரம்பகால வெள்ளை வியாபாரிகளைப் பற்றிப் பேசும்போது, மலிவாக வாங்கிக் கொள்ளை லாபத்துக்கு விற்றார்கள் என்பதோடு கதையை முடித்துவிடுகிறோம். அது பாதிதான் உண்மை. சிட்னி போன்ற புதுத் துறைமுகத்தில் விற்பது கஷ்டமே இல்லை. பஞ்சத்தில் கிடந்த ஊர் எதை இறக்கினாலும் வாங்கும். விற்ற காசைக் கல்கத்தாவுக்கோ லண்டனுக்கோ எந்த உருவத்தில் கொண்டுபோவது என்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். ஊரில் நாணயம் இல்லை, ஏற்றுமதிப் பொருளும் இல்லை. ராபர்ட் கேம்ப்பெல் நாற்பது வருடத்துக்கும் மேல் இந்த முடிச்சோடுதான் மல்லுக்கட்டினார். அவருடைய வாழ்க்கையை அந்த முடிச்சின் வழியாகப் பார்த்தால்தான் புரியும்.

1769இல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் துறைமுகத்தில் பிறந்தவர். 1796இல் அண்ணன் ஜான் நடத்திய கல்கத்தா கம்பெனியில் சேர்ந்தார். கேம்ப்பெல் அண்ட் கிளார்க் என்ற அந்தக் கம்பெனி, குற்றவாளிகளைக் குடியேற்றி எட்டு வருடமே ஆகியிருந்த சிட்னியைக் குறிவைத்து, அதே ஆண்டு நவம்பரில் ஒரு கப்பலை அனுப்பியது. கப்பலுக்கே 'சிட்னி கோவ்' என்று பெயர் வைத்தார்கள். ஏற்றிய சரக்கு: சுமார் 7,000 கேலன் ரம், அரிசி, சர்க்கரை, தேயிலை, புகையிலை, துணி, தோல், சோப்பு, மெழுகுவர்த்தி, பீர், சீனப் பீங்கான், கொஞ்சம் கால்நடை.

இப்படிப்பட்ட சரக்கை அடுக்குவதே ஒரு தொழில். அடித்தளத்தில் எப்போதும் கசிவு நீர் நிற்கும் என்பதால், நனைந்தாலும் கெடாத பீங்கானை அடியில் வைப்பது கிழக்குக் கடல்களில் பழகிய முறை. சர்க்கரையும் தேயிலையும் ஈரம் இழுக்கும், அவை மேலே போக வேண்டும். அரிசி மூட்டை காற்றோட்டமில்லாமல் சூடேறினால் மக்கும், வண்டு விழும். ரம் பீப்பாய் ஒழுகும், ஆவியாகும், போதாக்குறைக்கு மாலுமிகளும் துளை போடுவார்கள். மூன்று மாதப் பயணத்தில் இத்தனையும் நடக்கும் என்று தெரிந்துதான் விலை வைப்பார்கள். விலையைப் பார்த்துப் 'பகல் கொள்ளை' என்று ஆளுநர்கள் எழுதிய கடிதங்களைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சிட்னி கோவ் போய்ச் சேரவில்லை. வழியில் புயலில் முன்பக்கம் ஓட்டை விழுந்தது. ஒரு பாயில் பழைய கயிற்று நாரைத் தைத்து, கப்பலுக்கு வெளியே ஓட்டையின் மேல் இழுத்துக் கட்டினார்கள். தண்ணீரின் அழுத்தமே பாயை ஓட்டைக்குள் அமுக்கும். ஆபத்துக்கு அதுதான் வழி, ஆனால் நிரந்தரம் இல்லை. மாலுமிகளில் பெரும்பாலோர் இந்திய லஸ்கர்கள். தென்கடல் குளிரைக் கண்டிராத அவர்கள் இரவு பகலாகப் பம்பு அடித்தார்கள், சிலர் பம்படியிலேயே விழுந்து செத்தார்கள். கடைசியில் 1797 பிப்ரவரியில், டாஸ்மேனியாவுக்கு வடகிழக்கே ஒரு சின்னத் தீவின் ஓரம் கப்பலைத் தரைதட்ட வைத்தார்கள். பிரிசர்வேஷன் தீவு என்று பின்னால் பெயர் பெற்ற இடம் அது. காப்பாற்றிய ரம்மை மாலுமிகளின் கைக்கு எட்டாமல் பக்கத்துக் குட்டித் தீவில் கொண்டுபோய் வைத்தார் கேப்டன். அதன் பெயர் இன்றும் ரம் தீவு.

உதவி கேட்டுப் படகில் கிளம்பிய 17 பேர் பெருநிலக் கரையில் மறுபடி உடைந்து, சிட்னி நோக்கி ஏறக்குறைய 700 கிலோமீட்டர் நடந்தார்கள். பல இடங்களில் அந்த மண்ணின் பூர்வகுடிகள் மீன் கொடுத்தார்கள், ஆறு கடத்திவிட்டார்கள். சில இடங்களில் மோதல். மே மாதம் ஒரு மீன்பிடிப் படகின் கண்ணில் பட்டபோது மிஞ்சியவர்கள் மூன்றே பேர்: சரக்குப் பொறுப்பாளர் வில்லியம் கிளார்க், ஒரு ஆங்கிலேய மாலுமி, ஒரு லஸ்கர்.

வியாபாரக் கணக்கில் இது முழு நஷ்டம். ஆனால் அந்த நஷ்டத்திலிருந்து மூன்று தகவல்கள் கிடைத்தன. கடலோரப் பாறையில் நிலக்கரி இருப்பதைக் கிளார்க் பார்த்திருந்தார். உடைந்த கப்பலைத் தேடிப் போனவர்கள் தீவுகள் முழுக்கக் கடல்நாய்கள் (சீல்கள்) குவிந்து கிடப்பதைச் சொன்னார்கள். அங்கே ஓடிய நீரோட்டத்தின் வேகம், டாஸ்மேனியாவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஜலசந்தி இருக்கும் என்ற சந்தேகத்தை வலுப்படுத்தியது. கடலாய்வாளர்கள் பாஸும் ஃபிளின்டர்ஸும் 1798–99இல் அதை உறுதி செய்தார்கள். கடல்நாய் என்ற அந்த ஒரு சேதிதான் சிட்னிக்கு முதல் ஏற்றுமதியைக் கொடுக்கப்போகிறது.

1798 ஜூனில் 'ஹன்டர்' என்ற கப்பலில் அடுத்த சரக்கோடு ராபர்ட்டே வந்தார். வரும்போதே துறையின் மேற்குக் கரையில் நிலம் பார்த்து வாங்கிவிட்டார். 1800இல் நிரந்தரமாகத் தங்கிவிட வந்தார். அதுவரை வந்த வியாபாரிகள் கப்பலிலேயே விற்றுவிட்டுக் கிளம்புகிறவர்கள். தங்கிவிடுவது வேறு வகை வியாபாரம். கடன் கொடுக்கலாம், வசூலிக்கக் காத்திருக்கலாம், விலை விழுந்தால் சரக்கைக் கிடங்கில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி வசதி எவ்வளவு பெரியது என்பதை ஊரின் அளவை வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது காலனி முழுவதும் சேர்த்து ஐயாயிரம் வெள்ளையர் அளவில்தான் இருந்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு கப்பல் சர்க்கரையோடு வந்தால் விலை தலைகுப்புற விழும். ஆறு மாதம் எதுவும் வராவிட்டால் அதே சர்க்கரை பொன்விலை. கல்கத்தாவுக்குக் கடிதம் போக மூன்று மாதம், சரக்கு வர மூன்று மாதம், நடுவே கொள்முதலுக்கும் கப்பல் கிடைக்கவும் ஆகும் காலம் தனி. ஆக, இன்று எழுதும் ஆர்டர் ஏறக்குறைய அடுத்த வருடத்து ஊருக்கானது. கிடங்கும் சொந்தப் படகுத்துறையும் இல்லாதவன் இதில் தாக்குப்பிடிக்க முடியாது. கேம்ப்பெல் கட்டியது சிட்னியின் முதல் தனியார் துறை. 1804 வாக்கில் அவருடைய கிடங்குகளில் சுமார் 50,000 பவுண்டு மதிப்புள்ள சரக்கு இருந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்து சாப்பிடும் 'கேம்ப்பெல்ஸ் ஸ்டோர்ஸ்' கல் கட்டடங்கள் பெரும்பாலும் பிற்காலத்தவை, இடம் மட்டும் அதேதான்.

அவருக்கு முன் மொத்த வியாபாரம் யார் கையில் இருந்தது? காலனிக் காவலுக்கு வந்த நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவு அதிகாரிகள் கையில். 1792இல் அவர்கள் கூட்டுச் சேர்ந்து 'பிரிட்டானியா' என்ற கப்பலை வாடகைக்கு எடுத்து நன்னம்பிக்கை முனைக்குச் சரக்கு வாங்க அனுப்பியதிலிருந்து அது தொடங்கியது. துப்பாக்கி பலத்தால் பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். என் கணிப்பில் உண்டியல் பலம், அதாவது வேறு ஊரிலுள்ள கணக்கிலிருந்து பணம் தரச் சொல்லி எழுதும் சீட்டின் பலம், அதைவிடப் பெரியது. அவர்களுடைய சம்பளம் லண்டனில் வரவு வைக்கப்பட்டது. அதன் பேரில் இங்கிருந்தே உண்டியல் எழுதித் தரலாம். வந்து நிற்கும் கப்பல் கேப்டன் விரும்பி வாங்கும் காசு ஊரில் அது ஒன்றுதான். கோதுமை விளைவித்த விவசாயியிடம் இருந்தது கோதுமை மட்டுமே. அதை வைத்துக் கேப்டன் என்ன செய்வான்?

அரசுக் கிடங்கு விவசாயியின் கோதுமையையும் இறைச்சியையும் நிர்ணய விலைக்கு வாங்கி ரசீது கொடுக்கும். ரசீதுகள் சேர்ந்ததும் கிடங்கு அதிகாரி அவற்றுக்குப் பதிலாக லண்டன் கருவூலத்தின் மேல் ஓர் உண்டியல் எழுதுவார். இதைத்தான் கேம்ப்பெல் துரத்தினார். விவசாயிக்கு முதலில் கடனாகத் துணி, சர்க்கரை, மண்வெட்டி. அறுவடையில் அவன் கோதுமையைக் கிடங்கில் போடுவான். ரசீது கேம்ப்பெல் கைக்கு வரும். ரசீது உண்டியலாகும். ஒரே உண்டியலை மூன்று பிரதியாக எழுதி மூன்று கப்பலில் அனுப்புவது வழக்கம், எது முதலில் போய்ச் சேருகிறதோ அது செல்லும், மற்றவை ரத்து. கப்பல் மூழ்கினாலும் பணம் மூழ்காது.

அரசுக் கிடங்கின் தலைமை அதிகாரி ஜான் பாமர். அவருடைய தங்கை சோஃபியாவை 1801இல் கேம்ப்பெல் மணந்தார். கேம்ப்பெலை நேர்மையான வியாபாரி என்று புகழ்பவர்கள் இந்த வரியைச் சட்டென்று கடந்துவிடுகிறார்கள். ஊரிலேயே பெரிய கொள்முதல்காரர் அரசு, அதன் கொள்முதல் அதிகாரி மைத்துனர். அதில் முறைகேடு நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தப் போட்டியாளருக்கும் கிடைக்காத அனுகூலம் என்று சொன்னால் போதும்.

இந்தச் சங்கிலி அறுபடும் இடம் ஹாக்ஸ்பரி ஆறு. காலனியின் நெற்களஞ்சியம் என்று நம் ஊர் பாணியில் சொல்லத்தக்க அந்த வண்டல் கரை, வெள்ளம் வந்தால் ஒரே இரவில் போய்விடும். 1806 மார்ச் வெள்ளம் அப்படிப் போனது. அறுவடையோடு போர் போராக அடித்துச் சென்றதில் கோதுமை விலை பல மடங்கு ஏறியது. அப்போதுதான் புரோநோட்டுகளின் ஓட்டை தெரிந்தது. பலர் பணத்தில் எழுதாமல் 'இத்தனை புஷல் கோதுமை தருகிறேன்' என்று நோட்டு எழுதியிருந்தார்கள். பழைய விலையில் வாங்கிய கடனுக்குப் புதிய விலைக் கோதுமை தருவதா? படைப்பிரிவின் முன்னாள் அதிகாரி ஜான் மக்கார்தர் அப்படி ஒரு நோட்டின் பேரில் ஹாக்ஸ்பரிப் பண்ணைக்காரர் ஆண்ட்ரூ தாம்சன் மேல் வழக்குப் போட்டார். ஆளுநர் பிளை, எழுதிய நாளின் மதிப்புதான் செல்லும் என்று தாம்சன் பக்கம் தீர்ப்புச் சொன்னார். நியாயம் பிளை பக்கம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் மக்கார்தர் மறக்கவில்லை.

நாணய விஷயத்தில் கொஞ்சம் நின்று போகலாம், நமக்கு நேரடித் தொடர்பு உள்ள இடம் இது. 1800 நவம்பரில் ஆளுநர் கிங் ஒரு விலைப்பட்டியல் வெளியிட்டார், ஊரில் எந்த நாணயம் என்ன மதிப்புக்குச் செல்லும் என்று. இங்கிலாந்தின் கினி, போர்ச்சுகலின் ஜொஹான்னா, டச்சு கில்டர், ஸ்பானிய டாலர், வங்காளத்து மொஹர், ரூபாய், கூடவே தென்னிந்தியத் தங்கக் காசான நம் வராகன். வராகனுக்கு 8 ஷில்லிங், ரூபாய்க்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ், ஸ்பானிய டாலருக்கு 5 ஷில்லிங். ஓர் அவுன்ஸ் செம்புக் காசு இங்கிலாந்தில் ஒரு பென்னி, சிட்னியில் இரண்டு. வேண்டுமென்றே மதிப்பை ஏற்றி வைத்தது, வெளியே போனால் நஷ்டம் என்று தெரிந்தால் காசு ஊரிலேயே தங்கும் என்ற நம்பிக்கையில்தான். செம்பு தங்கியது. வெள்ளியும் தங்கமும் அடுத்த கப்பலில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தன, ஏனென்றால் கேப்டனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நாணயத்தை நாசமாக்கித் தீர்வு கண்டவர் ஆளுநர் மக்குவாரி. 1812 நவம்பரில் மதராஸிலிருந்து 'சமராங்' கப்பலில் 40,000 ஸ்பானிய டாலர்கள் வந்தன. கள்ளநாணய வழக்கில் தண்டனை பெற்று வந்த வில்லியம் ஹென்ஷல் என்பவரை வைத்து ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை போடச் செய்தார். வளையத்துக்கு 5 ஷில்லிங், வெட்டியெடுத்த வில்லைக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ். 5 ஷில்லிங் டாலர் 6 ஷில்லிங் 3 பென்ஸாக ஆனது, அரசுக்கும் ஆதாயம். ஓட்டைக் காசை வெளியூரில் யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள் என்பதால் அது ஊரைவிட்டுப் போகவில்லை.

காசு இல்லாத ஊரிலிருந்து கப்பலில் எதை ஏற்றுவது என்ற கேள்விக்குக் கேம்ப்பெல் கண்ட பதில் பாஸ் ஜலசந்தியின் கடல்நாய். தீவில் ஒரு கும்பலை இறக்கிவிட்டு, உப்பு, மாவு, இறைச்சிப் பீப்பாய், தடிகள், கத்திகள், இரும்புக் கொப்பரை எல்லாம் கொடுத்துவிட்டுக் கப்பல் போய்விடும், திரும்ப வர மாதக்கணக்காகும். கூலி பெரும்பாலும் பங்கு முறை. கடல்நாய்கள் குட்டி போடக் கரையேறும் கோடை மாதங்களில்தான் வேட்டை. தடியால் மூக்கில் ஓர் அடி, பிறகு கத்தி. தோலில் கொழுப்பு ஒட்டியிருந்தால் நாறிவிடும், சுத்தமாகச் சுரண்ட வேண்டும். அதன்பின் முளையடித்து விரித்துக் காய வைக்கலாம் அல்லது உப்பிட்டு அடுக்கலாம். மழைத் தீவுகளில் உப்பு தீர்ந்துபோனால் தோல் அழுகி மயிர் கொட்டும், லண்டனில் அதற்கு விலையே இல்லை. யானைக் கடல்நாயிடம் தோலைவிடக் கொழுப்பு முக்கியம். துண்டு போட்டுக் கொப்பரையில் உருக்கிப் பீப்பாயில் அடைப்பார்கள், விளக்கெரிக்க நல்ல எண்ணெய். பீப்பாய்ப் பலகை காய்ந்து விரிந்தால் நடுக்கடலில் எண்ணெய் ஒழுகும்.

தாயைக் கொன்றால் குட்டி பட்டினியில் சாகும். ஆகவே ஒரு தீவு சில பருவங்களே தாங்கும், பிறகு அடுத்த தீவு. கேம்ப்பெல் கம்பெனியின் 'பெர்சிவரன்ஸ்' என்ற கப்பலில் ஹாசல்பரோ என்ற கேப்டன் இன்னும் தெற்கே தெற்கே தேடிப்போய் 1810 ஜனவரியில் ஒரு தீவைக் கண்டார், அது கேம்ப்பெல் தீவு. ஜூலையில் இன்னொன்று, மக்குவாரி தீவு. பத்துப் பதினைந்து வருடத்தில் மக்குவாரி தீவின் மென்மயிர்க் கடல்நாய்கள் துடைத்தெடுக்கப்பட்டன. ஜலசந்தித் தீவுகளில் தங்கிவிட்ட வேட்டைக்காரர்கள் டாஸ்மேனியப் பூர்வகுடிப் பெண்களைத் தூக்கிக்கொண்டு போனது இந்தத் தொழிலின் இன்னொரு பக்கம். சிட்னிக் கிடங்குகளின் பேரேட்டில் அதற்குத் தலைப்பு இல்லை.

ஏற்றுமதிப் பொருள் கிடைத்துவிட்டது, ஆனால் விற்க உரிமை இல்லை. நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே வியாபாரம் முழுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம். கேம்ப்பெல் துணிந்தார். 1805 ஜனவரியில் 'லேடி பார்லோ' கப்பலில் சுமார் 260 டன் எண்ணெயையும் 13,000க்கும் மேற்பட்ட தோல்களையும் ஏற்றிக் குடும்பத்தோடு லண்டன் போனார். கம்பெனியின் புகாரின் பேரில் சரக்கைச் சுங்கம் பிடித்துவைத்தது. செல்வாக்குள்ள விஞ்ஞானி சர் ஜோசப் பேங்க்ஸ் தலையிட்டு வாதாடிய பிறகும் இங்கிலாந்துக்குள் விற்க அனுமதி இல்லை, மறு ஏற்றுமதிக்கு மட்டும் விட்டார்கள். பெரும் நஷ்டம். ஆனால் காலனிக்காரன் தன் சரக்கைத் தானே கொண்டுவந்து விற்கலாமா என்ற கேள்வி லண்டன் அலுவலகங்களில் அப்போதுதான் சூடு பிடித்தது. இந்திய வியாபாரத்தில் கம்பெனியின் ஏகபோகம் 1813 சாசனத்தில் போனது.

அவர் சிட்னி திரும்பிய பிறகு, 1807இல் பிளை அவரை நேவல் ஆபீசராக நியமித்தார். பெயரைப் பார்த்துக் கடற்படைப் பதவி என்று நினைக்க வேண்டாம். துறைமுக அதிகாரி, சுங்க வசூல்காரர் இரண்டும் சேர்ந்தது. ஊரின் பெரிய இறக்குமதியாளரே சுங்கமும் வசூலிப்பது இன்று நினைத்தால் சிரிப்பு வரும், அன்று அதைச் செய்யத் தெரிந்தவர்களே நாலைந்து பேர்தான். மக்கார்தர் தருவித்த சாராயக் காய்ச்சுக் கொப்பரைகளைப் பறிமுதல் செய்ய வேண்டிய வேலை கேம்ப்பெலின் தலையில் விழுந்தது. தகராறு முற்றி, 1808 ஜனவரி 26 மாலை படைப்பிரிவு ஆளுநர் மாளிகைக்குள் புகுந்து பிளையைச் சிறைவைத்தது. அந்த நேரம் பிளையின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தவர்களில் கேம்ப்பெலும் ஒருவர். பதவி போனது. 1810இல், படைத்தலைவர் ஜான்ஸ்டன் மேல் நடந்த ராணுவ விசாரணைக்குச் சாட்சியாக லண்டனுக்குப் போக வேண்டியதாயிற்று.

தூரத்திலிருந்து நடத்த முடியாத வியாபாரம் இது. கடன்காரனின் முகம் தெரிந்தவன் ஊரில் இல்லாவிட்டால் புரோநோட்டு வெறும் காகிதம். 1815இல் அவர் திரும்பியபோது பழைய செல்வத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது. அவருக்குப் போட்டியாக மேலே வந்தவர்களில் சிமியன் லார்ட் போன்றவர்கள் உண்டு. துணி திருடி நாடு கடத்தப்பட்டு, தண்டனை முடிந்து ஏலதாரராகி, கப்பல் முதலாளியானவர். கேம்ப்பெல் அவசரப்படாமல் துறைக்கூலி, கிடங்குக் கூலி என்று மறுபடி தொடங்கினார். 1819இல் ஏழைகளும் குற்றவாளிகளும் பணம் போடும் சேமிப்பு வங்கி ஒன்றை நடத்தினார், ஊர் அதைக் கேம்ப்பெல் வங்கி என்றே அழைத்தது.

பழைய பாக்கி ஒன்று மட்டும் தீராமல் இருந்தது. 1806 வெள்ளத்துக்குப் பிறகு அரிசி கொண்டுவர அரசு அவருடைய 'சிட்னி' என்ற கப்பலை அமர்த்தியது. கல்கத்தாவுக்குப் போகும் வழியிலேயே, நியூ கினிக்குப் பக்கத்தில் பாறையில் ஏறி அது போய்விட்டது. அரசு வேலையில் போன கப்பல், நஷ்ட ஈடு கொடு என்று அவர் எழுதிக்கொண்டே இருந்தார். 1825இல் ஒருவழியாக 4,000 ஏக்கர் நிலமும் 710 ஆடுகளும் கிடைத்தன. அவருடைய ஆள் ஜேம்ஸ் ஐன்ஸ்லி, பாத்தர்ஸ்ட் பக்கம் ஆடுகளைப் பெற்றுக்கொண்டு தெற்கே ஓட்டிப்போய் லைம்ஸ்டோன் சமவெளியில் மந்தை போட்டார். ங்குன்னவால் மக்களின் மண் அது, அவர்களை யாரும் கேட்கவில்லை.

அங்கே எழுந்த பண்ணைக்கு டன்ட்ரூன் என்று குடும்பத்தின் ஸ்காட்லாந்துக் கோட்டைப் பெயரை வைத்தார் கேம்ப்பெல். 1846 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். ஆட்டு மயிர் கடல்நாய்த் தோல் மாதிரி இல்லை. வருடாவருடம் வளரும், அழுகாது, லண்டனில் எவனும் தடுக்கவில்லை. பொதி பொதியாக அழுத்திக் கட்டினால் திரும்பும் கப்பல் நிரம்பும். பின்னாளில் அந்தச் சமவெளியில்தான் நாட்டின் தலைநகரம் கான்பெரா எழுந்தது. டன்ட்ரூன் வீடு 1911 முதல் ராணுவக் கல்லூரி.